மீட்டரைக் குற்றம் சொல்பவர்

சட்டையின் இடது கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றி, பட்டையைச் சுற்றிக்கொண்டு, பொத்தானை அமுக்கிவிட்டுச் சுவரைப் பார்க்கிறார் முள்ளு சார். பிபி இயந்திரம் முனகுகிறது. பட்டை உப்பி, இறுக்கி, பிறகு புஸ்ஸென்று தளர்கிறது. சின்னத் திரையில் 172. அதற்குக் கீழே 104. ஆள்காட்டி விரல் நகத்தால் திரையின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். எண் அசையவில்லை.

"பாத்தியா மச்சான்? தட்டினாக்கூட நகரல. ஜாம் ஆயிடுச்சு."

அந்தத் திரையில் ஜாம் ஆவதற்கு முள்ளே கிடையாது, வெறும் எண்தான் என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. காதில் போட்டுக்கொள்ள மாட்டார். காலை ஏழு மணிக்குள் மூன்று முறை அளப்பார். மூன்றில் பெரியதைக் 'கையசைவால் வந்த பிழை' என்று அடித்துவிடுவார். மீதி இரண்டுக்கும் சராசரி. அதிலிருந்து காபிக்காக நாலு, நாற்காலியின் உயரத்துக்காக மூன்று, மனைவி நடுவில் ஏதோ கேட்டுத் தொலைத்ததற்காக ஐந்து கழிப்பார். இத்தனை தள்ளுபடிக்குப் பிறகும் 158 நிற்கும். அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் 'சந்தேகத்துக்குரியது' என்று குறித்து மூடிவைப்பார். மூன்று வருட நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சந்தேகத்துக்குரியதாக இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை.

நான் அவருடைய மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறேன், என் வீட்டுக் காபியைவிட அக்கா வீட்டுக் காபி நன்றாக இருப்பதால் தினமும் காலையில் அங்கே ஆஜராகிவிடுவேன். "என் சர்வீஸைப் பத்தி எழுது மச்சான். பிபி கிபின்னு எழுதி மானத்தை வாங்காதே," என்று கேட்டுக்கொண்டார். சர்வீஸைப் பற்றி எழுதினால் பிபி தானாக வந்துவிடும் என்பது அவருக்கு இன்னும் புரியவில்லை.

அவர் வேலை பிரஷர் கேஜ்களைச் சரிபார்ப்பது. கொதிகலன், காற்று டாங்கி, சலவைக்கூடத்து நீராவிக் குழாய், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் உருளை என்று அழுத்தம் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு வட்டக் கண்ணாடியும் முள்ளும் இருக்கும் அல்லவா, அதையெல்லாம் கழற்றி இவரிடம் அனுப்புவார்கள். பட்டறையில் ஜன்னலோரம் இவருடைய மேஜை. அதன்மேல் எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய், பக்கத்தில் வட்ட வட்டமாக இரும்பு எடைகள். எடையை அடுக்க அடுக்க எண்ணெயின் அழுத்தம் கணக்காக ஏறும். வந்த கேஜின் முள் அதே எண்ணில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காவிட்டால் முள்ளைப் பிடுங்கி, சரியான இடத்தில் மறுபடி குத்துவார். நின்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்திடுவார். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. அதனால்தான் பட்டறையில் அவருக்கு முள்ளு சார் என்று பெயர். வீட்டில் எனக்கு அத்தான்.

"பாய்லர்ல பிரஷர் ஜாஸ்தியாக் காட்டுதுன்னு அலறிக்கிட்டு வருவானுங்க. பத்துக்கு ஒம்பது பாய்லர்ல ஒண்ணும் இருக்காது. பாய்லர் நல்லவன் மச்சான். கேஜ்தான் பொய் சொல்லும்."

இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நூறு முறையாவது கேட்டிருப்பேன். தொழிலில் அது சத்தியமான பேச்சு. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தன் உடம்புக்கும் பொருத்திவிட்டதுதான் அவர் செய்த கோளாறு. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று முதன்முதலில் ஒரு மீட்டர் சொன்னபோது, அவர் மீட்டரை மாற்றினார். இரண்டாவது மீட்டரும் அதையே சொன்னது. அலமாரியில் இப்போது ஐந்து மீட்டர்கள் இருக்கின்றன.

ஐந்தையும் ஒரு நாள் பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனார். ஒவ்வொன்றின் ரப்பர் குழாயையும் நடுவில் பிரித்து, தன்னுடைய முதன்மைக் கேஜோடு இணைத்துச் சோதித்தார். நான்கு மயிரிழை பிசகவில்லை. ஐந்தாவது ஒரே ஒரு புள்ளி குறைத்துக் காட்டியது, அதாவது அவருக்குச் சாதகமாகப் பொய் சொன்னது. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இவர் வீட்டுக்கு வந்து அக்காவின் கையில் கட்டிப் பார்த்தார்: 118. என் கையில் கட்டினார்: 126. பட்டறையில் பக்கத்து மேஜைப் பெண்ணின் கையிலும் கட்டிப் பார்த்திருக்கிறார்: 110.

"ஊர்ல எல்லாருக்கும் சரியாக் காட்டுது. எனக்கு மட்டும் ஏத்திக் காட்டுது. அப்ப என்ன அர்த்தம்?"

"உங்களுக்குத்தான் பிரஷர் இருக்குன்னு அர்த்தம் அத்தான்."

"ம்ஹூம். என் கைக்கு இந்தப் பட்டை செட் ஆகலன்னு அர்த்தம்."

பெரிய பட்டை வாங்கினார். அதில் 170 வந்தது. இரண்டு புள்ளி இறங்கிய சந்தோஷத்தில் ஒரு வாரம் வீட்டில் சிரித்த முகமாக இருந்தார்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் அவரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் இரண்டு, இரவில் ஒன்று, ஒவ்வொன்றின் அட்டையிலும் போட்டுக்கொண்ட தேதியும் நேரமும். உப்பைப் பட்டறைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுப்பார், அன்றைய சமையலுக்கு அவ்வளவுதான். அப்படியும் அழுத்தம் இறங்கவில்லை. முன்பு பார்த்த டாக்டர், "மூணு மாத்திரை போட்டும் இறங்கலன்னா நீங்க ஒழுங்காப் போடலன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டார். அடுத்த முறை ஆறு மாதக் காலி அட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுபோய் அவர் மேஜையில் கொட்டிவிட்டு வந்தார் அத்தான். அந்த ஒரு சண்டையில் நான் அத்தான் கட்சி.

இனி அவருடைய தூக்கத்துக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் அது ஒரு பொதுச் சொத்து.

பதினேழரை அங்குலக் கழுத்து அவருக்கு. அந்தக் கழுத்தை எங்கே சாய்த்தாலும் இரண்டு நிமிடத்தில் குறட்டை கிளம்பிவிடும். முடி வெட்டுகிறவர் கத்தரியைப் பிடித்துக்கொண்டு அவர் தலை நிமிர்வதற்காகக் காத்திருப்பார். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையில் குறட்டை கேட்டு நானே வைத்திருக்கிறேன். பட்டறையில் எடை அடுக்கிக்கொண்டே கண்ணயர்வார். பக்கத்து மேஜைப் பெண் இருமி எழுப்புவாள். கேட்டால், "கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன்," என்பார். காலையில் எழுந்தால் தலைவலி, அது எண்ணெய் நாற்றத்தால். இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுவது மாத்திரையால். நாளெல்லாம் சோர்வு, அது மேனேஜரால். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு குற்றவாளி தயாராக இருந்தான்.

ஆனால் தூக்கத்தைப் பற்றி மட்டும் அப்படியொரு பெருமை. "படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன். மனசுல கள்ளம் இல்லாதவனுக்குத்தான் அந்தத் தூக்கம் வரும்," என்று மார்தட்டுவார். நாங்களும் ஆமாம் போட்டோம். குடும்பத்துப் பிள்ளைகள் அவர் குறட்டையைப் பதிவுசெய்து போனில் மணியோசையாக வைத்துக்கொண்டார்கள். நான் இன்னும் மோசம். குறட்டை ஏறி, உச்சியில் சட்டென்று நின்று, ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்து, பிறகு எருமை கனைத்ததுபோல ஒரு வெடிப்போடு மறுபடி தொடங்குவதை அச்சு அசலாக நடித்துக் காட்டுவேன். நடுவில் வரும் அந்த நிறுத்தத்துக்குத்தான் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு அறைய வேண்டும் போலிருக்கிறது.

அந்த நிறுத்தத்துக்குச் சிரிக்காதவள் அக்கா மட்டும்தான். பன்னிரண்டு வருடமாக அவள் சரியாகத் தூங்கியதில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை அவளுக்கு. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடுதான் போவாள், வருவாள். "அடுத்த ரூம்ல போய்ப் படேன் அக்கா, காதும் நிம்மதி, நீயும் நிம்மதி," என்று ஒருமுறை புத்தி சொன்னேன்.

"சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லடா. சத்தம் வந்தா ஆள் இருக்காருன்னு அர்த்தம். நிக்கும் பாரு, அப்பதான் எனக்கு உயிரே போகும். அடுத்த ரூம்ல படுத்தா அது நிக்கிறது கேக்காதே."

சத்தம் நின்றால் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். அவர் ஒரு கனைப்புக் கனைத்துப் புரண்டு படுப்பார். காலையில் எழுந்து, "ராத்திரி பூரா உதைக்கிறியே, அப்படி என்ன கோபம் என் மேல?" என்று அவளிடமே கேட்பார். ஒரு நாள் இடித்தும் எழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய ஒரே பயம். அதை அவரிடம் சொன்னால், "நல்லாத் தூங்குறவனைப் பாத்து வயித்தெரிச்சல்," என்று முடித்துவிடுவார்.

புது டாக்டர் ஒரு பெண்மணி. நிதானமாகப் பேசுகிறவர். அவரிடம் போனபோது அக்காவும் வந்தாள், ஆனால் அறைக்குள் வரக்கூடாது என்பது அத்தானின் சட்டம். "நீ உள்ள வந்தா சம்பந்தா சம்பந்தமில்லாம எதையாவது உளறுவ. மச்சான் வரட்டும்." அவள் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் மகாராஜாவாக உள்ளே போனேன்.

டாக்டர் அறிக்கைகளைப் பார்த்தார். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது. நாலாவது மாத்திரை ஒன்று எழுதினார். "இதே மாதிரி போச்சுன்னா அடுத்தது மூளையில ஒரு ரத்தக்குழாய் வெடிக்கும் சார். பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க," என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தூக்கம் எல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"முதல் தரம் மேடம். அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன்."

"குறட்டை உண்டா?"

"எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான்."

"வீட்டுல இருந்து யாராவது வந்திருக்காங்களா? கேக்கணும்."

"இல்ல," என்றார் அத்தான், வாய் கூசாமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. குறட்டைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் இருந்துவிடப்போகிறது என்று நானும் நினைத்தேன். அவர் முறைத்த முறைப்புக்குப் பயந்ததும் உண்டு.

வெளியே வந்ததும் அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். "என்னடா கேட்டாங்க?"

சொன்னேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும், அவர் சொன்ன பதிலும், வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்றதும். அவள் கோபப்படவில்லை. "டாக்டரே தூக்கத்தைப் பத்திக் கேட்டாங்களா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து அத்தான் சோபாவில் சாய்ந்தார். இரண்டாவது நிமிடம் இன்னிசை ஆரம்பமானது. அக்கா அவருடைய வேலைப்பையைத் திறந்து ஸ்டாப்வாட்சை எடுத்தாள். குழாயில் அழுத்தம் கசியாமல் எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்க்க அவர் வைத்திருப்பது. முதுகில் அவருடைய பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு சோபாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "நீ சாட்சி. போயிடாதே," என்றாள் என்னிடம்.

குறட்டை ஏறியது, நின்றது. அவள் பொத்தானை அமுக்கினாள். அத்தானின் நெஞ்சு ஏறி இறங்கத் துடிக்கிறது, வயிறு உள்ளே இழுக்கிறது, ஆனால் காற்று போகவில்லை. விளையாட்டுக்கு நானும் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தேன். இருபது. இருபத்தைந்து. அவர் உதட்டின் நிறம் மாறத் தொடங்கியது. முப்பதில் எனக்கு நெஞ்சு முட்டிவிட்டது, விட்டுவிட்டேன். அவர் இன்னும் விடவில்லை. "அக்கா, எழுப்பு அக்கா!" என்று நான் எழுந்தேவிட்டேன். அவள் ஒரு கையால் என்னை அமர்த்தினாள், மறு கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கனைப்போடு அவருக்கு மூச்சு வந்தது. நாற்பத்து நான்கு வினாடி. இத்தனை வருடம் நான் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியது இதைத்தான்.

அரைமணி நேரத்தில் இருபத்து மூன்று முறை நின்றது. எல்லாவற்றையும் எழுதினாள். அத்தான் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நான் தூங்கல. நீங்க பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அக்கா தாளை நீட்டினாள். படித்தார். முகம் சுருங்கியது. "எந்த வாட்ச்சுல பாத்த?"

"உங்க வாட்ச்சுல."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரில் அவர் கையெழுத்து, அவர் போட்ட தேதி, இன்னும் நாலு மாதம் செல்லுபடி. அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் குற்றம் சொல்ல ஒரு மீட்டர் கிடைக்கவில்லை. விட்டாரா? பொத்தானை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பொத்தானை அமுக்கற கைக்கு ஒரு தாமதம் உண்டு. அதுக்குப் பாயிண்ட் மூணு கழிக்கணும்," என்றார்.

"சரிங்க. கழிச்சிக்குங்க. நாப்பத்தி மூணு புள்ளி ஏழு. அவ்வளவு நேரம் நீங்க மூச்சு விடல." அக்கா தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "பன்னெண்டு வருஷமா நான் இதைப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்கேன். அந்தக் கட்டில்ல நீங்க செத்துப்போனா, மறுநாள் காலையில எழுந்து பாக்கப்போறது நான்தானே? நீங்க இல்லையே?"

அத்தான் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுமுறை டாக்டர் அறைக்குள் மூன்று பேரும் போனோம். தாளைப் பார்த்த டாக்டர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இதைத்தாம்மா நான் தேடிக்கிட்டிருந்தேன்," என்றார். பிறகு விளக்கினார். "தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்குது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது. உடம்பு பதறிப்போய் ரத்தக்குழாயை எல்லாம் சுருக்கி, இதயத்தை விரட்டுது. பிரஷர் ஏறுது. நீங்க அரைகுறையா முழிச்சு ஒரு மூச்சு இழுக்கறீங்க. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ராத்திரி முழுக்க இதே கதை. ராத்திரியில இறங்கவேண்டிய பிரஷர் இறங்கறதில்ல. பகல்லயும் அந்தப் பதற்றம் போறதில்ல. அடங்காத பிரஷர் எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா நிறையப் பேருக்கு இது பின்னாடி ஒளிஞ்சிருக்கும். சோதிச்சுப் பாத்துடலாம்."

வேறு யாராவது இருந்தால் கும்பிட்டிருப்பார்கள். அத்தான் நாற்காலி நுனிக்கு வந்தார். "அது எப்படி மேடம்? அடைப்பு காத்து லைன்ல. பிரஷர் ரத்த லைன்ல. ரெண்டும் தனித்தனி லைன். ஒண்ணுல அடைச்சா இன்னொண்ணுல எப்படி ஏறும்? நீங்க ரெண்டையும் கோக்கறீங்களே?"

"நான் கோக்கல சார். உங்க உடம்பு கோத்து வெச்சிருக்கு," என்றார் டாக்டர்.

ஒரு இரவு விரலிலும் மார்பிலும் மூக்கிலும் கருவிகளைக் கட்டிக்கொண்டு படுத்தார். மணிக்கு ஐம்பத்திரண்டு முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது, ஆக்சிஜன் எழுபத்தொரு சதவீதம் வரை இறங்குகிறது என்று அறிக்கை வந்தது. அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், சான்றிதழைக் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் நின்றார். அவர்கள் பாவம், தேடி எடுத்துக் கொடுத்தார்கள். காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தவர், இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வினாடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூக்கில் மாட்டும் முகமூடியும், காற்று ஊதும் சிறு பெட்டியும், இரண்டையும் இணைக்கும் குழாயும் வந்து சேர்ந்தன. ஊதுகிற காற்று தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. மூன்று நாள் அதைத் தொடவில்லை. "தும்பிக்கை மாட்டிக்கிட்டுப் படுக்கச் சொல்றியா?" என்றார். அக்கா கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. நாலாம் நாள் பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். அழுத்தம் இத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் என்று அதில் ஒரு எண் போட்டிருந்தது.

அவ்வளவுதான். மறுநாள் பெட்டி அவரோடு பட்டறைக்குப் போய்விட்டது. தண்ணீர் நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாயில் அதன் காற்றை விட்டு, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று அளந்திருக்கிறார். பதினொரு மணிக்கு எனக்குப் போன். "மச்சான்! பதினொண்ணுன்னு போட்டிருக்கான், பதினொண்ணே நிக்குது! அரைமணி நேரம் விட்டுப் பாத்தேன், ஆடல அசையல. என்ன ஒரு நேர்மையான சாமான்!" பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிரவு மாட்டிக்கொண்டு படுத்தார். கட்டிய மனைவி பன்னிரண்டு வருடம் சொன்னதைக் கேட்காத மனிதர், ஒரு குழாய்த் தண்ணீர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

முதல் வாரம் மூக்கு காய்கிறது, பட்டை அறுக்கிறது என்று புலம்பல். இரண்டாம் வாரம் தலைவலியைக் காணவில்லை. பட்டறையில் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு இருமல் வேலை இல்லாமல் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத் தள்ளுபடி எதுவும் இல்லாமலே 138 வந்தது. டாக்டர் நாலு மாத்திரையை மூன்றாக்கினார். மீதி மூன்றையும் நிறுத்தக்கூடாது, முகமூடியையும் ஒரு நாள்கூடக் கழற்றிவைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அத்தான் 138ஐ என்னிடம் காட்டினார். "பாத்தியா? இப்பதான் மீட்டர் ஒழுங்காக் காட்ட ஆரம்பிச்சிருக்கு."

இப்போது அவர் ஒரு பிரச்சாரகர். பஸ்ஸில் எவனாவது வாயைப் பிளந்து தூங்கினால் போதும், தோளைத் தட்டி எழுப்பி, "பிபி இருக்கா?" என்று விசாரிக்கிறார். பட்டறை மேனேஜரின் கழுத்தை டேப் வைத்து அளந்துவிட்டார். "டாக்டருங்க மூணு வருஷம் கோட்டை விட்டாங்க. நான்தான் ஸ்டாப்வாட்ச் வெச்சுக் கண்டுபிடிச்சேன்," என்று ஆளுக்கு ஆள் கதை சொல்கிறார். அக்கா அதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பாள், அவ்வளவுதான் எதிர்ப்பு.

ஆனால் அவளுக்குத் தூக்கம் வந்தபாடில்லை. அந்த வீட்டில் இரவுகள் அமைதியாகிவிட்டன, அந்த அமைதிதான் அவளைப் போட்டு வாட்டியது. "சத்தம் இல்லன்னா நெஞ்சு திக்குனு அடிச்சுக்குதுடா. பழகிப்போச்சு. மெஷின் ஊதுது, அவர் மூச்சு விடுறார், எல்லாம் தெரியுது. ஆனா கண்ணு மூட மாட்டேங்குது," என்றாள். மணிக்கு ஒருமுறை எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்துவிட்டுப் படுப்பாளாம். அத்தானுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்தான் இப்போது உண்மையாகவே நன்றாகத் தூங்குகிறாரே.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குப் போனேன். மணியை அமுக்குமுன் கதவு திறந்தது. அத்தான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் முகமூடிப் பட்டையின் தடம் இன்னும் அழியவில்லை. அவருக்குத் தாழ்ந்த குரலில் பேச வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உங்க அக்கா இன்னும் எழுந்திரிக்கல."

"தூங்கட்டும் அத்தான். ஞாயித்துக்கிழமைதானே?"

"மணி எட்டரை மச்சான். கல்யாணம் ஆனதுல இருந்து அவ ஆறு மணிக்கு மேல படுத்து நான் பாத்ததில்ல. ஏழு மணிக்குப் போய்ப் பாத்தேன். ஏழரைக்குப் பாத்தேன். எட்டுக்கும் பாத்தேன். புரளக்கூட இல்ல."

"களைப்பு. பன்னெண்டு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கே."

"சத்தமே இல்லையே."

"நல்லாத் தூங்கறவங்ககிட்ட இருந்து சத்தம் வராது. உங்களுக்குத்தான் தெரியாது."

வழக்கமாக இப்படிக் குத்தினால் ஒரு சண்டைக்கு வருவார். அன்றைக்கு அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. சமையலறையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அவரே காபி போட முயன்றிருக்கிறார். எனக்குக் கொடுக்கவும் மறந்து, பாதி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு படுக்கையறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, அரைகுறையாகத் திறந்திருந்த கதவை ஓசையில்லாமல் தள்ளி உள்ளே போனார். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

ஜன்னல் திரையை யாரோ நன்றாக இழுத்து மூடியிருந்தார்கள். அக்கா ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவ்வளவு தளர்வாக நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. அத்தான் கட்டிலோரம் போனார். பிறகு முழங்கால் மடங்க மெல்லக் குனிந்து, புறங்கையை அவள் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். மூச்சு கையில் பட்டிருக்க வேண்டும், தோள் இரண்டும் இறங்கின. கையை அவர் எடுக்கவில்லை.